வயதுக்கு மீறி யோசிக்கும் குழந்தை: கண்டறிவது முதல் கல்லூரி வாசல் வரை ஒரு முழு வழிகாட்டி

மூன்றரை வயதில் பஸ் பலகையை எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிற குழந்தை, ஒன்றாம் வகுப்பில் "சைபருக்குக் கீழே என்ன இருக்கு?" என்று கேட்கிற குழந்தை. இப்படி ஒன்று வீட்டில் இருந்தால் சுற்றியிருப்பவர்கள் இரண்டு விதமான யோசனை சொல்வார்கள். "கண்ணு பட்டுடும், வெளியே சொல்லாதீங்க" என்பது ஒன்று. "உடனே ஏதாவது கிளாஸ்ல சேருங்க, டிவியில காட்டுங்க" என்பது இன்னொன்று. இரண்டாலும் குழந்தைக்குப் பெரிய பலன் இல்லை.

இந்தக் குழந்தைகளுக்குத் தேவை, தடுக்கி விழும் அளவுக்குக் கடினமான வேலை. அதுவும் அடிக்கடி. பள்ளியில் அது தானாகக் கிடைக்காது. ஏற்கெனவே தெரிந்த பாடத்திலேயே ஐந்தாறு வருஷம் ஓடிவிட்டால், முட்டி மோதிப் படிப்பது எப்படி என்று அந்தக் குழந்தைக்குப் பழகாமலே போய்விடும். பதினொன்றாம் வகுப்பில் முதல்முறையாக ஒரு பாடம் புரியாமல் போகும்போது ஆடிப்போய் உட்கார்ந்துவிடும். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ளும் வழிகள். தமிழ்நாட்டுப் பெற்றோரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: சில மாதம் சும்மா கவனியுங்கள்

உலக நாடுகளின் தலைநகரங்களை மனப்பாடமாக ஒப்பிப்பது நல்ல ஞாபகசக்தி. அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது, பெற்றோர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் நிறையக் குழந்தைகள் செய்வார்கள். பார்க்க வேண்டியது வேறு. தலைநகர்ப் பட்டியலை ஒப்பித்த பிறகு, "ஏன் சில நாட்டுல மட்டும் பெரிய ஊர் ஒண்ணு இருக்க, வேற ஊரைத் தலைநகரா வச்சிருக்காங்க?" என்று தானாகக் கேட்கிறதா? யாரும் சொல்லித்தராத குறுக்குவழியைக் கணக்கில் கண்டுபிடிக்கிறதா? ஒரு விளையாட்டின் விதியை மாற்றி, "இப்படி வச்சா முதல்ல ஆடுறவங்கதான் எப்பவும் ஜெயிப்பாங்க" என்று சொல்கிறதா? பிடித்த விஷயத்தில் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருக்கிறதா?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி போட்டு, குழந்தை கேட்ட கேள்வியை அதன் வாய்மொழியிலேயே எழுதிவையுங்கள். உங்கள் விளக்கம் வேண்டாம், கேள்வி மட்டும் போதும். பின்னால் ஆசிரியரிடமோ உளவியலாளரிடமோ போகும்போது, "ரொம்ப புத்திசாலிங்க" என்று சொல்வதைவிட அந்த நோட்டு நூறு மடங்கு பேசும்.

முதல் ரேங்க் வாங்குவதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரேங்க் வாங்கும் குழந்தை மீத்திறன் (வயதுக்கு மீறிய அறிவுத்திறன்) உள்ளதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நடுவில் எங்கோ மதிப்பெண் வாங்கிக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதாமல் திட்டு வாங்கும் பையனும் மீத்திறன் உள்ளவனாக இருக்கலாம். அதிகமாகத் தப்பிப்போவது பெண் குழந்தைகள்தான். "அடக்கமான பொண்ணு, சொன்னதைச் செய்யும்" என்று பெயர் வாங்கியவள், கேள்வியை உள்ளுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டில் புத்தகமே இல்லாத, அம்மா அப்பா இருவரும் கூலி வேலைக்குப் போகும் குழந்தையையும் யாரும் அப்படி நினைத்துப் பார்ப்பதில்லை. ஆசிரியராக இருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் இந்த இரண்டு பக்கமும் தேடுங்கள்.

படி 2: ஐ.க்யூ. சோதனை வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டியதில்லை. பள்ளியில் ஏதாவது மாற்றம் கேட்கப் போகிறீர்கள், அல்லது வாயால் பிரமாதமாகப் பேசும் குழந்தைக்கு எழுத்தே வரவில்லை, அப்படி ஒரு காரணம் இருந்தால் செய்யலாம். உறவினரிடம் சொல்லிக்கொள்வதற்காகச் செய்ய வேண்டாம். ஆறு வயதுக்கு முன் வரும் எண் பின்னால் நிறையவே மாறும், அதனால் அவசரப்பட வேண்டாம்.

இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம்தான் போக வேண்டும். நம் ஊரில் பினே-காமத் சோதனை, மாலின் அளவுகோல், விஸ்க், ரேவன் உருவச் சோதனை எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் 100 என்பது சராசரி. 130க்கு மேல் வருவது நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு. ஆனால் பினே-காமத் சோதனை மனவயதை உண்மை வயதால் வகுத்து எண்ணைத் தருவது, விஸ்க் அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிட்டுத் தருவது. ஒன்றில் வந்த எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டு "ஏறிடுச்சு, இறங்கிடுச்சு" என்று பேசுவதில் அர்த்தமில்லை. குழந்தை எந்த மொழியில் யோசிக்கிறதோ அந்த மொழியில் சோதனை நடக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். தமிழில் யோசிக்கும் குழந்தையிடம் ஆங்கிலத்தில் சொற்பொருள் கேட்டால் வருவது ஆங்கில மதிப்பெண்தான்.

அறிக்கை வந்ததும் மொத்த எண்ணை விட்டுவிட்டு உட்பிரிவுகளைப் பாருங்கள். சொல் சார்ந்த பகுதியில் மிக உயரமும் எழுதும் வேகத்தில் சராசரியும் இருந்தால், "தெரிஞ்சும் எழுத மாட்டேங்கிறான்" என்ற பல வருஷப் புகாருக்கு விடை அங்கே இருக்கலாம்.

எண்ணை எவ்வளவு நம்பலாம்? 1921இல் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் கலிஃபோர்னியாவில் உயர்ந்த ஐ.க்யூ. உள்ள ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார். அந்தத் தேர்வில் எண் போதாமல் கழிக்கப்பட்டவர்களில் இரண்டு சிறுவர்கள் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெஸும். இருவருமே பின்னாளில் இயற்பியலில் நோபல் வாங்கினார்கள். எடுத்துக்கொள்ளப்பட்ட குழந்தைகளில் ஒருவர்கூட நோபல் வாங்கவில்லை.

படி 3: பள்ளியோடு பேசுவது

இங்கேதான் பெரும்பாலான பெற்றோர் சொதப்புகிறார்கள். "எங்க பையனுக்கு உங்க பாடம் பத்தலை மிஸ்" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஈமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) பதிவும் போட்டுக்கொண்டிருக்கிற ஆசிரியருக்கு அது குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மிஸ், வேலையைச் சீக்கிரம் முடிச்சிட்டுப் பக்கத்துல இருக்கிறவங்களைத் தொந்தரவு பண்றான்னு சொன்னீங்க. அந்த நேரத்துக்கு நாங்களே ஒரு நோட்டுல கணக்கு எழுதிக் கொடுத்து அனுப்பலாமா? உங்களுக்குத் திருத்துற வேலை இருக்காது." அவருடைய சிக்கலைத் தீர்க்கிற மாதிரி கேட்டால் நிறைய ஆசிரியர்கள் சரி என்பார்கள்.

அடுத்ததாகக் கேட்க வேண்டியது, கடினமானதை முதலில் செய்யும் அனுமதி. ஒரு பயிற்சியில் 25 கணக்கு இருந்தால் கடைசி ஐந்தை முதலில் போடட்டும். அது சரியாக வந்தால் மீதி இருபதையும் எழுதச் சொல்ல வேண்டாம். மிச்சமாகும் நேரத்தில் வேறு வேலை. பணம் செலவில்லாத, விதி எதையும் மீறாத, இருப்பதிலேயே பலன் தரும் ஏற்பாடு இது.

மூன்றாவது, ஒரு பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்பு. நான்காம் வகுப்புப் பையன் கணக்குப் பீரியடுக்கு மட்டும் ஆறாம் வகுப்பில் போய் உட்காருவது. கால அட்டவணை ஒத்துவர வேண்டும், தலைமையாசிரியருக்கு மனசு வர வேண்டும். சின்னப் பள்ளிகளில் எளிதாக நடக்கும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் கணித மேதை டெரன்ஸ் டாவோவை வளர்த்த விதம் இதற்கு நல்ல உதாரணம். கணக்கில் உயர்நிலைப் பள்ளி, மற்றதில் வயதை ஒட்டிய வகுப்புகள் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு வேகம் வைத்தார்கள். இன்னும் முன்பே பல்கலைக்கழகத்துக்கு முழுநேரமாக அனுப்பியிருக்கலாம், 14 வயது வரை நிறுத்திவைத்தார்கள். 2006இல் அவருக்குக் கணிதத்தின் நோபல் என்று சொல்லப்படும் ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது.

டபுள் பிரமோஷன் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வெளிநாட்டு ஆய்வுகள் பொதுவாக இதற்குச் சாதகமாகத்தான் இருக்கின்றன. சரியாகத் தேர்ந்தெடுத்த குழந்தைகள் மேல் வகுப்பில் படிப்பிலும் பழக்கத்திலும் நன்றாகவே பொருந்திப் போகிறார்கள். நம் ஊரில் சிக்கல் வேறு மாதிரி. கல்வி உரிமைச் சட்டத்தின் பார்வையே வயதுக்கேற்ற வகுப்பு என்பதுதான். நீட் தேர்வுக்கு, சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். இரண்டு வகுப்பு தாண்டி 15 வயதில் பிளஸ் டூ முடித்த குழந்தை, டாக்டராக ஆசைப்பட்டால் சும்மா காத்திருக்க வேண்டியதுதான். ஒரு வகுப்பு தாண்டுவது வரை யோசிக்கலாம். தாண்டினால் ஐந்தாம் வகுப்புக்குள் தாண்டிவிடுவது நல்லது.

படி 4: வீட்டில் கடினமான வேலை

கடினம் என்றால் அடுத்த வருஷப் பாடத்தை இப்போதே நடத்துவது இல்லை. அப்படிச் செய்தால் அடுத்த வருஷமும் வகுப்பில் கொட்டாவிதான். பக்கவாட்டில் போக வேண்டும், ஆழமாகப் போக வேண்டும். ஒரு உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாசலில் போடும் சிக்குக் கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட நோட்டில் வரிசைக்கு 3 புள்ளி, மொத்தம் 2 வரிசை. அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எப்போதும் கோடுகள் ஒன்றையொன்று வெட்ட வேண்டும், ஓரத்தில் வளைந்து திரும்ப வேண்டும். வேறு அலங்காரம் கிடையாது. பென்சிலை எடுக்காமல் போட்டால் முழுக் கோலமும் ஒரே கோட்டில் முடிந்துவிடும். இப்போது 2க்கு 2 போடச் சொல்லுங்கள். ஒரே கோட்டில் முடியாது, இரண்டு தனித்தனி வளையம் வரும். 3க்கு 3 போட்டால் மூன்று. 3க்கு 4 போட்டால் மறுபடி ஒன்று.

"எத்தனை கோடு வரும்னு போடாமலே சொல்ல முடியுமா?" இதுதான் கேள்வி. கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். குழந்தை முதலில், "இரண்டு பக்கமும் ஒரே எண்ணா இருந்தா அத்தனை கோடு" என்று சொல்லும். "சரி, 2க்கு 4?" என்று கேட்டால் போட்டுப் பார்த்து இரண்டு என்று வரும். "ஓ, அப்போ சின்ன எண்ணால பெரிய எண்ணை மீதியில்லாம வகுக்க முடிஞ்சா சின்ன எண்தான் விடை, இல்லேன்னா ஒண்ணு" என்று மாற்றிக்கொள்ளும். 4க்கு 6 போட்டு இரண்டு வந்ததும் அதுவும் உடையும். கோபம் வரும், நோட்டை மூடும், அடுத்த நாள் சாப்பிடும்போது திடீரென்று பட்டியல் போட ஆரம்பிக்கும். விடை, இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி (ஹெச்.சி.எஃப்.). ஆறாம் வகுப்பில் "வகுத்துப் பார்" என்று நடத்திவிட்டுப் போகிற பாடம் வாசல் கோலத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. விடையைச் சொல்லிவிட வேண்டும் என்று உங்களுக்குத்தான் கை துறுதுறுக்கும், சொல்லாதீர்கள். கண்டுபிடித்த பிறகும் முடியவில்லை. "ஏன் அப்படி?" என்ற கேள்வி இருக்கிறது, அது கல்லூரி வரை துணைக்கு வரும்.

உங்களுக்கே விடை தெரியாத கேள்வியை எடுத்துக்கொண்டு குழந்தையோடு சேர்ந்து மண்டையை உடைப்பது இன்னும் நல்லது. பெரியவர்களும் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள் என்பதை அது நேரில் பார்க்க வேண்டும்.

வாசிப்புக்கு, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்தும் துளிர் மாத இதழ் இருக்கிறது. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகத்தில் குழந்தையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை எடுத்துக் கொடுங்கள். வயதுக்கேற்ற அலமாரி என்று தடுக்காமல், உள்ளடக்கம் சரியாக இருந்தால் எடுக்கட்டும். ராயபுரத்தில் கணித ஆசிரியர் பி.கே. ஸ்ரீநிவாசன் உருவாக்கிய சிறிய ராமானுஜன் அருங்காட்சியகம் இருக்கிறது, சென்னை போனால் ஒரு நடை போய் வாருங்கள்.

படி 5: எந்தப் போட்டி, எப்போது

பள்ளி வழியாகக் காசு கட்டி எழுதும் தனியார் 'ஒலிம்பியாட்'களில் பெரும்பாலானவை பாடப்புத்தகக் கேள்விகளைக் கொஞ்சம் திருப்பிக் கேட்பவைதான். பதக்கம் கிடைக்கும், யோசிக்க வேலை கிடைக்காது. கணக்கில் ஆர்வமிருந்தால் திருவல்லிக்கேணியில் இருந்து இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கத்தின் திறன் போட்டி ஐந்தாம் வகுப்பிலிருந்தே இருக்கிறது. அதன் பழைய வினாத்தாள்கள் தேர்வு எழுதாவிட்டாலும் வீட்டில் வைத்துப் போட வேண்டியவை. எட்டாம் வகுப்பிலிருந்து ஐ.ஓ.க்யூ.எம். என்ற கணித ஒலிம்பியாட் முதல்நிலைத் தேர்வை எழுதலாம். அதைத் தாண்டினால் வட்டார ஒலிம்பியாட், பிறகு தேசிய ஒலிம்பியாட், அதற்குப் பிறகு மும்பை ஹோமி பாபா மையத்தின் முகாம். 10 முதல் 17 வயதுக்குள் உள்ளவர்களுக்குக் குழந்தைகள் அறிவியல் மாநாடு இருக்கிறது. தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, குழுவாக ஆய்வு செய்து காட்ட வேண்டும். தேர்வு பிடிக்காத குழந்தைகளுக்கு இது தோதானது.

அரசுப் பள்ளிக் குழந்தைக்கு உதவித்தொகைத் தேர்வுகளை விட்டுவிடாதீர்கள். எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ்., தேர்வானால் ஒன்பதிலிருந்து பிளஸ் டூ வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். கிராமப்புறப் பள்ளிகளுக்கு ஒன்பதாம் வகுப்பில் டிரஸ்ட் தேர்வு. முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வும் உண்டு. மாவட்டந்தோறும் உண்டு உறைவிட மாதிரிப் பள்ளிகளும் இருக்கின்றன. மற்ற மாநிலங்களில் கிராமத்துத் திறமைசாலிக் குழந்தைகளுக்கு நவோதயா பள்ளி ஒரு வழி. தமிழ்நாட்டில் அந்தப் பள்ளிகள் இல்லாததால் இவற்றின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் 'ஐஐடி ஃபவுண்டேஷன்' கோச்சிங்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். 16 வயதுக்குக் கீழே கோச்சிங் மையங்கள் சேர்க்கக் கூடாது என்று மத்தியக் கல்வி அமைச்சகமே 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அது இருக்கட்டும். வேகமாக விடை போடப் பழக்கும் இடத்தில், ஒரே கணக்கை மூன்று நாள் மனதில் போட்டு உருட்டும் பழக்கம் செத்துப்போகும் என்பதுதான் என் கவலை.

படி 6: மனசு

மூளை பன்னிரண்டு வயது, அழுகை ஆறு வயது, கையெழுத்து ஐந்து வயது. மூன்றும் ஒரே உடம்பில் இருக்கும். காலையில் கருந்துளை பற்றி விளக்கிய குழந்தை, மாலையில் பென்சில் முனை உடைந்ததற்காகத் தரையில் புரளும். "இவ்வளவு அறிவு இருக்கு, இதுக்குப் போய் அழுவியா?" என்று கேட்காதீர்கள். அழுவது ஆறு வயதுக் குழந்தை.

ராத்திரியில் விளக்கை அணைத்த பிறகு சாவைப் பற்றிக் கேள்வி வரும். "பாட்டி செத்துப் போனா எங்க போவாங்க, நீ எப்போ?" மற்ற குழந்தைகளைவிடச் சீக்கிரம் வரும். "அதெல்லாம் பேசக் கூடாது" என்று வாயை அடைத்தால் கேள்வி போகாது, உங்களிடம் கேட்பதுதான் நிற்கும். தெரிந்ததைத் தெரிந்தவரை சொல்லிவிட்டு, பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள்.

"நீ ஜீனியஸ்டா" என்ற பாராட்டைக் குறையுங்கள். உளவியலாளர்கள் கிளாடியா மியூலரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் அடுத்த முறை சுலபமான கணக்கைத் தேடிப் போனார்கள். நன்றாக உழைத்தாய் என்று கேட்டவர்கள் கடினமானதை எடுத்தார்கள். பட்டம் போய்விடுமே என்ற பயம்தான். "அந்த இடத்துல மாட்டிக்கிட்டு வேற வழி யோசிச்சே பாரு, அது நல்லா இருந்துச்சு" என்று, செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். தம்பி தங்கை எதிரில் ஒப்பிடவே வேண்டாம்.

நண்பர்கள் ஒரே வயதில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. செஸ் பழக இரண்டு வகுப்பு மூத்த அண்ணன், கிரிக்கெட் ஆடத் தெருப் பையன்கள். இரண்டும் இருந்தால் போதும்.

வீடியோ எடுத்துப் போடுவது, டிவி நிகழ்ச்சி, சாதனைப் புத்தகச் சான்றிதழ், இவை எதுவும் வேண்டாம் என்பேன். அமெரிக்கக் குழந்தை மேதை வில்லியம் ஜேம்ஸ் சைடிஸ் 1909இல் 11 வயதில் ஹார்வர்டில் சேர்ந்தபோது பத்திரிகைகள் கொண்டாடின. பெரியவனானதும் அவர் கேட்டதெல்லாம் தன்னை விட்டுவிடுங்கள் என்பதுதான். சின்னச் சின்ன குமாஸ்தா வேலைகளில் ஒளிந்துகொண்டார். 1937இல் ஒரு பத்திரிகை தேடிப்பிடித்து எழுதியது, வழக்குப் போட்டார், அந்தரங்கத்தைக் காக்கும் வாதத்தில் தோற்றார்.

ஏமாறாமல் இருக்க

கண்ணைக் கட்டிக்கொண்டு நிறம் சொல்ல வைக்கும் 'மிட் பிரெயின் ஆக்டிவேஷன்' வெறும் ஏமாற்று. மூக்கோரத்து இடைவெளி வழியாகக் குழந்தை எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். அதைவிடக் கொடுமை, குழந்தையைப் பொய் சொல்லப் பழக்குவது. கைரேகையை வைத்து அறிவு வகை சொல்லும் டி.எம்.ஐ.டி. சோதனைக்கும் அறிவியல் ஆதாரம் கிடையாது. அபாகஸ் மோசடி இல்லை, கை வேகம் தரும். ஆனால் அதைக் கணிதத் திறமை என்று நினைத்து வருஷக்கணக்கில் பணம் கட்ட வேண்டாம்.

ஒன்றில் உச்சம், மற்றதில் சரிவு

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு வாங்கி, 1904இல் உதவித்தொகையோடு கல்லூரிக்குப் போன ராமானுஜன், கணக்கைத் தவிர எதையும் படிக்காமல் அந்த உதவித்தொகையை இழந்த கதை எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கும் ஏற்பாடு பெரிதாக மாறவில்லை. அதனால் குழந்தையோடு உட்கார்ந்து வெளிப்படையாக ஒரு கோடு போடுங்கள். பிடிக்காத பாடத்தில் இத்தனை மதிப்பெண் போதும், அதற்குத் தினம் இவ்வளவு நேரம், அதற்கு மேல் நாங்கள் நச்சரிக்க மாட்டோம் என்று. சொன்ன சொல்லை நீங்களும் காப்பாற்ற வேண்டும்.

சரிவு சோம்பலால் வந்ததா என்றும் பாருங்கள். மீத்திறனும் டிஸ்லெக்சியாவும் (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்), மீத்திறனும் ஏ.டி.ஹெச்.டி.யும் (கவனம் நிலைக்காத, அதிகத் துறுதுறுப்பு), மீத்திறனும் ஆட்டிசமும் ஒரே குழந்தையிடம் இருக்கலாம். அறிவு குறையை மறைக்கும், குறை அறிவை மறைக்கும், வெளியே சராசரிப் பிள்ளையாகத் தெரியும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகள் மதிப்பீட்டுக்கு வழி சொல்வார்கள். சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு.

பள்ளியை விட்டு எடுக்கலாமா?

குகேஷ் நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை நிறுத்தி, 2024 டிசம்பரில் 18 வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார். அதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறவர்கள் அதிகம். அந்த வீட்டில் டாக்டரான அப்பா தன் வேலையை ஒதுக்கிவைத்துக் கூடவே பயணம் செய்தார். அப்படி ஒருவர் முழுநேரமும் நிற்க முடியுமா, ஒரே ஒரு துறையில் குழந்தை தானாகத் தினமும் பல மணி நேரம் உழைக்கிறதா, இரண்டுக்கும் ஆமாம் என்றால் மட்டும் யோசியுங்கள். என்.ஐ.ஓ.எஸ். (தேசியத் திறந்தநிலைப் பள்ளி) வழியாக 14 வயதில் பத்தாம் வகுப்புக்கும் 15 வயதில் பன்னிரண்டுக்கும் பதிவு செய்யலாம். அதற்கு முன் பள்ளியிடம் பகுதிநேர வருகைக்குக் கேட்டுப் பாருங்கள், விளையாட்டு வீரர்களுக்குப் பல பள்ளிகள் கொடுக்கின்றன.

பதினைந்து வயதுக்குப் பிறகு

இனி முடிவெடுப்பது பிள்ளை. நீங்கள் செய்ய வேண்டியது, எஞ்சினியரிங் மெடிக்கல் தவிர வேறு கதவுகள் இருப்பதைக் காட்டுவது. சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம் இருக்கிறது. தனி நுழைவுத் தேர்வு, கணிதத்திலும் கணினி அறிவியலிலும் பட்டப்படிப்பு. பழைய கேள்வித்தாள்கள் அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கும், பத்தாம் வகுப்பு விடுமுறையில் ஒன்றை அச்செடுத்து மேசையில் வையுங்கள். இந்தியப் புள்ளியியல் கழகம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், ஐசர்கள் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) எல்லாவற்றுக்கும் விண்ணப்பத் தேதி வெவ்வேறு மாதத்தில் வரும். பதினொன்றாம் வகுப்புத் தொடக்கத்திலேயே காலண்டரில் குறித்துவைப்பதும், தேர்வுக் கட்டணத்தை நேரத்துக்குக் கட்டுவதும் உங்கள் வேலை.